எலும்புக்குள் ஒரு மறைவிடம்

மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததையும், சில மாதங்களில் அது திரும்பி வந்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1948இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் போட்ட அமினாப்டெரின் ஊசி, குழந்தைகளைக் கொல்லும் கடும் ரத்தப் புற்றுநோயையும் மருந்தால் பின்வாங்க வைக்கலாம் என்று காட்டியது. அந்த மருந்து லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

ஃபார்பரின் வெற்றியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நோய் திரும்பியதைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. காய்ச்சல் விட்டு, வீக்கம் வடிந்து, ஓடியாடிய குழந்தையின் உடம்பில் அதே நோய் மறுபடி எங்கிருந்து முளைத்தது? மருந்துக்குத் தப்பிய செல்கள் எத்தனை, அவை எங்கே இருந்தன?

எத்தனை என்ற கேள்விக்கு அதற்கு 11 ஆண்டுகள் முன்பே ஒரு கலக்கமூட்டும் பதில் வந்திருந்தது. 1937இல் ஜேகப் ஃபர்த்தும் மார்ட்டன் கானும் நுண்ணோக்கியின் கீழ் ஒரே ஒரு புற்றுச் செல்லைப் பிரித்தெடுத்து, நோயில்லாத எலிக்குள் செலுத்தினார்கள். எலிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எல்லா முறையும் வரவில்லை. ஆனால் வர முடியும் என்பது உறுதியாயிற்று. எங்கே என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் தேட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அது எலும்புக்குள் நடந்த தேடல்.

ரத்தம் எலும்பு மஜ்ஜையில் உண்டாகிறது என்பதே 1868 வரை யாருக்கும் தெரியாது. கோனிக்ஸ்பர்க் நகரில் (இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட்) நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் நியூமன், மனித எலும்புகளையும் முயல் எலும்புகளையும் நசுக்கிப் பிழிந்து, வழிந்த சாற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உட்கருவோடு கூடிய, இன்னும் முதிராத சிவப்பணுக்கள் அதில் இருந்தன. ரத்தம் இங்கேதான் பிறக்கிறது என்று எழுதினார். சக பேராசிரியர்கள் பலர் நம்பவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, ரத்தப் புற்றுநோயில் இறந்த ஒருவரின் எலும்பைத் திறந்தபோது, சிவப்பாக இருக்க வேண்டிய மஜ்ஜை சீழைப் போல அழுக்குப் பச்சை மஞ்சளாக இருந்ததைக் கண்டார். இந்த நோயின் வேர் மஜ்ஜையில் இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

அதன் பிறகும் நெடுங்காலம் மஜ்ஜையைப் பார்க்கவேண்டுமென்றால் பிணவறைக்குத்தான் போகவேண்டும். 1927இல் லெனின்கிராடில் மிகயீல் அரின்கின் மார்பெலும்பில் ஊசியைச் செலுத்தி, உயிரோடு இருப்பவரின் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றும் அதன் வழிவந்த முறைதான். பெரும்பாலும் இடுப்பெலும்பில் குத்துகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும், மஜ்ஜையை இழுக்கும் அந்த ஒரு நொடியில் சுரீரென்று வலிக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, மருத்துவர் எண்ணத் தொடங்குவார்.

இந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. ஊசி இழுக்கும்போதே மஜ்ஜையின் அமைப்பு சிதைந்துவிடுகிறது. யார் யார் இருந்தார்கள் என்பதைத் தகடு சொல்லும். யார் பக்கத்தில் யார் இருந்தார்கள், எலும்புச் சுவரையொட்டி இருந்தது எது, ரத்தக்குழாயைப் பற்றிக்கொண்டிருந்தது எது என்பதைச் சொல்லாது. ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் புற்றுச் செல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு, அது குடியிருந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு இந்த ஊசியும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இடத்தைப் பற்றிய முதல் துப்பு எலிகளிடமிருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் டொரண்டோவின் ஒண்டாரியோ புற்றுநோய்க் கழகத்தில் மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லக்கும் இயற்பியலாளர் ஜேம்ஸ் டில்லும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். எலிகளின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டு, வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் செலுத்துவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கல்லக் ஆய்வகத்துக்கு வந்து, 10 நாள் ஆன எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலின் மேல் சிறு சிறு முடிச்சுகள். எண்ணினார். செலுத்திய செல்களின் எண்ணிக்கை கூடக்கூட முடிச்சுகளும் அதே கணக்கில் கூடின. ஏறக்குறைய 10,000 செல்லுக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லின் வம்சம் என்று பின்னர் நிரூபித்தார்கள். இப்படி ஒரு வம்சத்தையே பிறப்பிக்கும் மூலச் செல்தான் ஸ்டெம் செல். ஸ்டெம் செல் ஆராய்ச்சியின் பிறப்பு என்று எல்லாப் புத்தகங்களும் இதைத்தான் சொல்லும்.

அதே குழு அடுத்துச் செய்த சோதனையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் பிறவியிலேயே ரத்தசோகை உள்ள இரண்டு வகை எலிகளை வளர்த்து வந்தார்கள். ஒன்றுக்கு டபிள்யூ என்று பெயர், மற்றதற்கு ஸ்டீல். வெளிப்பார்வைக்கு இரண்டின் நோயும் ஒன்றுபோலவே இருக்கும். ஆரோக்கியமான மஜ்ஜையை டபிள்யூ எலிக்குக் கொடுத்தால் சோகை நீங்கியது. ஸ்டீல் எலிக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. இதைவிட வினோதம், சோகை பிடித்த ஸ்டீல் எலியின் மஜ்ஜையை எடுத்து டபிள்யூ எலிக்குக் கொடுத்தபோது டபிள்யூ எலி தேறிவிட்டது. டபிள்யூ எலிக்கு விதை கெட்டிருந்தது. ஸ்டீல் எலிக்கு மண் கெட்டிருந்தது. ரத்தம் உண்டாக ரத்தச் செல் மட்டும் போதாது, அதைத் தாங்கும் இடமும் சரியாக இருக்கவேண்டும் என்பதற்கு 1965இல் கிடைத்த தெளிவான சான்று இது. அந்த இடம் தரும் பொருள் என்ன என்று மூலக்கூறு அளவில் பிடிபட 1990 ஆகிவிட்டது.

அடுத்த காட்சி இங்கிலாந்தின் மான்செஸ்டர், கிறிஸ்டி மருத்துவமனையைச் சேர்ந்த பேட்டர்சன் ஆய்வகம். மஜ்ஜையைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க எத்தனையோ பேர் முயன்று தோற்றிருந்தார்கள்; ஸ்டெம் செல்கள் சில நாளில் மறைந்துவிடும். மைக்கேல் டெக்ஸ்டர் வேறு வழியில் போனார். எலியின் மஜ்ஜையைக் குடுவையில் விட்டு, அடியில் ஒட்டிப் படரும் செல்களைச் சில வாரம் பொறுமையாக வளரவிட்டார். குதிரை ரத்தத்தின் சீரம், 33 டிகிரி வெப்பம், அவ்வப்போது பாதித் திரவத்தை மட்டும் மாற்றுவது என்று ஒரு பக்குவம் கைகூடியது. அடியில் கொழுப்புச் செல்களும் வலைபோன்ற தாங்குசெல்களும் பாய் விரித்தாற்போலப் படிந்தன. ரத்தச் செல்கள் அந்தப் படலத்தின் அடியில் நுழைந்து, பாவுகல் பதித்த தரைபோல நெருக்கமாகக் குடியேறின. 1977இல் வெளியான கட்டுரையின்படி ஸ்டெம் செல்கள் மாதக்கணக்கில் பிழைத்திருந்தன.

அதே ஆய்வகத்தில் இருந்த ரேமண்ட் ஸ்கோஃபீல்டு 1978இல் ஒரு கருதுகோளை எழுதினார். ஸ்டெம் செல்லின் சாகாவரம் அதன் பிறவிக் குணம் இல்லை. அது இருக்கும் இடம் கொடுக்கும் வரம். மஜ்ஜைக்குள் ஏதோ ஓர் உறைவிடத்தில் ஒட்டியிருக்கும்வரை அது இளமையோடு இருக்கும், விலகியதும் முதிர்ந்து மடியும் என்றார். கையில் நேரடிச் சான்று கிடையாது, வெறும் தர்க்கம்தான். கட்டுரை வெளியானது. பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதைச் சோதித்துப் பார்க்கும் கருவி யாரிடமும் இல்லை.

நடுவே சியாட்டிலில் நடந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையைப் பொருத்தினார்கள். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய டோனல் தாமஸின் குழு அது. மஜ்ஜை பிடித்துக்கொண்டது. பிறகு நோய் திரும்பியது. மிச்சமிருந்த பழைய செல்கள்தான் தலைதூக்கியிருக்கும் என்று நினைத்துக் குரோமோசோம்களைப் பார்த்தால், புற்றுச் செல்களில் ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் இருந்தது. நோய் பிடித்திருந்தது சகோதரன் கொடுத்த புதிய செல்களுக்கு! சகோதரனுக்கு எந்த நோயும் இல்லை. 1971இல் ஃபியால்கோவும் தாமஸும் லான்செட் இதழில் இதை வெளியிட்டார்கள். இப்படி நடப்பது மிக அரிது. காரணமும் ஒன்றே ஒன்றாக இருக்காது. ஆனாலும் ஸ்டீல் எலியை அறிந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழாமல் இருந்திருக்காது: மண்ணே விதையைக் கெடுக்குமா?

அதற்கு எலியில் விடை கிடைத்தது 2010இல். பாஸ்டனில் டேவிட் ஸ்கேடனின் ஆய்வகத்தில் இருந்த மார்க் ராய்மேக்கர்ஸ், ரத்தச் செல் எதையும் தொடாமல், எலும்பைக் கட்டும் இளஞ்செல்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கினார். எலும்பில்தான் கை வைத்தது, கெட்டது ரத்தம். ரத்தச் செல்கள் உருக்குலைந்தன, சில எலிகளுக்கு ரத்தப் புற்றுநோயே வந்தது. அந்த எலிகளின் மஜ்ஜையை நல்ல எலிக்கு மாற்றினால் கோளாறு மறைந்தது. நல்ல மஜ்ஜையை இந்த எலிகளுக்குள் வைத்தால் அதுவும் கெட்டது. ஸ்டீல் எலிச் சோதனையின் அதே தர்க்கம், 45 ஆண்டுகள் கழித்து. நான்கு ஆண்டுகளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு எலும்புச் செல்லில் வேறொரு மரபணுவை மாற்றி இதேபோலப் புற்றுநோயை வரவழைத்தது. நோயாளிகளின் எலும்புச் செல்களைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் அதே மாற்றத்தின் தடயம் தெரிந்தது. மாற்றம் முந்தியதா, நோய் முந்தியதா என்பதை மனிதர்களிடம் பிரித்துச் சொல்வது எலியில் சொல்வதுபோல் எளிதில்லை.

கதையில் சற்று முந்திவிட்டோம். 1994க்குத் திரும்புவோம், ஊர் மறுபடியும் டொரண்டோ. ஜான் டிக்கின் குழு நோய் எதிர்ப்புத் திறன் அற்ற எலிகளுக்குள் மனிதப் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தது. எலியின் மஜ்ஜைக்குள் குடியேறி மனித நோயை மறுபடி உண்டாக்கும் திறன் எல்லாச் செல்லுக்கும் இல்லை. ஏறத்தாழ 2,50,000 செல்களில் ஒன்றுக்குத்தான் இருந்தது. ஸ்வீ லாபிடோட் முதல் ஆசிரியராக நேச்சர் இதழில் எழுதிய இந்தக் கட்டுரை, ரத்தப் புற்றுநோய்க்கும் ஸ்டெம் செல்கள் உண்டு என்ற கருத்தை நிலைநாட்டியது. வெளியே தெரியும் கூட்டத்தை மருந்து அழித்தாலும் இந்தச் சிறுபான்மை தப்பித்தால் போதும், நோய் திரும்பும்.

அது எங்கே தப்பிக்கிறது? 2003 அக்டோபரில் நேச்சரின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள், ஒன்று ஸ்கேடன் குழுவுடையது, மற்றது கான்சாஸ் சிட்டியின் லிங்ஹெங் லீ குழுவுடையது. எலும்பைக் கட்டும் செல்களைப் பெருக்கினால் ரத்த ஸ்டெம் செல்களும் பெருகுகின்றன என்று இரண்டும் வெவ்வேறு வழியில் காட்டின. ஸ்கோஃபீல்டின் உறைவிடத்துக்கு முகவரி கிடைத்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி இரண்டு ஆண்டுதான் நீடித்தது. ஷான் மோரிசன் குழு, பெரும்பாலான ஸ்டெம் செல்கள் எலும்போரத்தில் இல்லை, ரத்தக்குழாய்களின் ஓரத்தில் இருக்கின்றன என்று படம்பிடித்துக் காட்டியது. இந்த வழக்கு பல ஆண்டு நடந்தது. இன்று தராசு குழாய்ப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

புற்றுச் செல்களின் விஷயத்தில் இந்த வாதத்தை நகர்த்தியது ஒரு புதிய பார்வைக்கோணம். மயக்கத்தில் படுத்திருக்கும் எலியின் தலைத்தோலைச் சற்றே விலக்கினால் மண்டையோடு தெரியும். எலியின் மண்டையோட்டு எலும்பு மிக மெல்லியது, லேசர் ஒளி அதை ஊடுருவும். துளைபோடாமலே உள்ளே இருக்கும் மஜ்ஜையை, ரத்தம் ஓடும் நிலையிலேயே பார்க்கலாம். 2005இல் டோரதி சிப்கின்ஸ் இப்படித்தான் ஒளிரும் சாயமேற்றிய மனித ரத்தப் புற்றுச் செல்களை எலிக்குள் அனுப்பிக் காத்திருந்தார். செல்கள் கண்ட இடத்தில் இறங்கவில்லை. ஈ-செலக்டின் என்ற ஒட்டுப் பசையும் எஸ்டிஎஃப்-1 என்ற அழைப்புப் பொருளும் இருந்த குறிப்பிட்ட சில குழாய்ப் பகுதிகளில் மட்டுமே இறங்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து யோகோஹாமாவில் ஃபுமிஹிகோ இஷிகாவா, சைட்டரபின் மருந்துக்குத் தப்பிய மனிதப் புற்று ஸ்டெம் செல்கள் எலும்புச் சுவரையொட்டிப் பிரியாமல் உறங்கிக் கிடப்பதைக் காட்டினார். கீமோதெரபி மருந்துகள் பலவும் பிரிந்து பெருகும் செல்லைத்தான் கொல்லும். உறங்கும் செல்லை அவை தொடுவதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். குற்றவாளியும் கிடைத்தான், ஒளிந்த இடமும் கிடைத்தது. 2016இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிறிஸ்டினா லோ செல்சோவின் குழு அதைக் கலைத்தது. எட்வின் ஹாக்கின்ஸும் டெல்ஃபிம் டுவார்ட்டேவும் டி-செல் வகை ரத்தப் புற்றுநோய் உள்ள எலிகளின் மஜ்ஜையைத் தொடர்ந்து படம்பிடித்தார்கள். புற்றுச் செல்கள் எந்த உறைவிடத்திலும் தங்கவில்லை. எலும்போரம், குழாயோரம் என்ற பாகுபாடே இல்லாமல் மஜ்ஜை முழுக்க ஊர்ந்து திரிந்தன. மருந்து கொடுத்த பிறகு தப்பியவை ஏதாவது ஒரு மூலையில் பதுங்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அவையோ முன்பைவிட வேகமாக ஓடின. அப்படியென்றால் ஓர் உறைவிடத்தை மட்டும் குறிவைத்து மருந்து செய்வதில் இந்த வகை நோய்க்குப் பயன் இருக்காது. இஷிகாவா கண்டது வேறு வகைப் புற்றுநோய் என்பதை மறந்துவிடக் கூடாது. ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரில்லை.

அந்தப் படங்களில் இன்னொன்றும் தெரிந்தது. நோய் முற்ற முற்ற எலும்பைக் கட்டும் செல்கள் அழிந்துகொண்டே வந்தன. வந்தேறிகள் வீட்டையே இடித்து மாற்றுகிறார்கள் என்பதற்கு வேறு ஆய்வகங்களிலும் சான்றுகள் சேர்ந்திருந்தன. சிப்கின்ஸ் குழு 2008இல், புற்றுச் செல்கள் தங்களைச் சுற்றி உண்டாக்கும் புதிய சூழலுக்குள் நல்ல ரத்த ஸ்டெம் செல்களும் இழுக்கப்பட்டு அங்கேயே மாட்டிக்கொள்வதைக் கண்டது. நோயாளிக்கு ரத்தசோகை வருவதும் கிருமித்தொற்று வருவதும் புற்றுச் செல்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் மட்டும் இல்லை என்பது இதிலிருந்து புரிந்தது. 2017இல் இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள், புற்றுச் செல் மெல்லிய குழாய் நீட்டிப் பக்கத்துத் தாங்குசெல்லின் மைட்டோகாண்ட்ரியாவை உறிஞ்சிக்கொள்வதைக் காட்டினார்கள். செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பையே திருடுகிறது!

டுவார்ட்டே 2018இல் வெளியிட்ட ஆய்வில், மைலாய்டு வகை நோய் எலும்போர ரத்தக்குழாய்களை அழிப்பதைப் பார்த்தார். டெஃபெராக்சமின் கொடுத்தபோது அந்தக் குழாய்கள் பிழைத்தன, நல்ல ஸ்டெம் செல்களும் பிழைத்தன, கீமோதெரபி கூடுதலாக வேலை செய்தது. தலசீமியா குழந்தைகளின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கும் அதே மருந்துதான். ஆனால் இது எலியில்.

மனிதர்களிடம் நடந்த முயற்சிகள் கலவையான பலனையே தந்தன. பிளெரிக்ஸாஃபர் என்ற மருந்து முதலில் எய்ட்ஸ் கிருமிக்கு எதிராகத்தான் தொடங்கியது. சோதனைக்கு வந்த தன்னார்வலர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் எதிர்பாராமல் ஏறின. மஜ்ஜையில் செல்களைப் பிடித்துவைக்கும் கொக்கியை அது கழற்றிவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கும் மருந்தாக 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுச் செல்லையும் இப்படி வெளியே இழுத்துக் கொன்றால் என்ன? செயின்ட் லூயிஸில் ஜான் டிபெர்சியோவின் குழு, நோய் திரும்பிய அல்லது மருந்துக்கு மசியாத 52 பேரிடம் இதைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. புற்றுச் செல்கள் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காயின. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நோய் தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு அது. வழக்கமான சிகிச்சையாக அது மாறவில்லை. சிப்கின்ஸ் படம்பிடித்த ஈ-செலக்டின் பசையைத் தடுக்கும் உப்ரோலெசெலன் என்ற மருந்து மூன்றாம் கட்டச் சோதனைவரை போனது. நோயாளிகளின் ஆயுளை அது குறிப்பிடத்தக்க அளவில் நீட்டவில்லை என்று 2024 மே மாதம் அறிவித்தார்கள்.

1986இல் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் இந்தத் தேடலில் உண்டு. ஏ.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு உலகின் பல இடங்களில் விலை கூடிய கூட்டு மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விக்ரம் மேத்யூஸின் குழு ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டும் தனியாகக் கொடுத்தது. 2006இல் வெளியிட்ட முடிவில், 72 நோயாளிகளில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்திருந்தது. இவ்வளவு நல்ல மருந்துக்குப் பிறகும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகிறது என்று அங்கே ஆய்வகத்தில் பார்த்தார்கள். குடுவையில் தனியாக இருந்த புற்றுச் செல்லை ஆர்சனிக் கொன்றது. மஜ்ஜையின் தாங்குசெல்களோடு சேர்த்து வளர்த்தால் அதே செல் அதே ஆர்சனிக்குக்குத் தாக்குப்பிடித்தது. போர்ட்டெசோமிப் என்ற மருந்தையும் சேர்த்தபோது அந்தக் காப்பு உடைந்தது. 2016இல் லுக்கேமியா இதழில் வந்த கட்டுரை இதை விவரிக்கிறது.

சரி, ஆர்சனிக்கை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது? 1970களில், சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில். அடுத்த அத்தியாயம் அங்கே.

(தொடரும்)